உங்கள் போனும் ஒரு சாட்சி: குற்றப் புலனாய்வில் சான்றுகளின் வகைகள்

1991ஆம் ஆண்டு மே 21ஆம் தேதி இரவு, ஸ்ரீபெரும்புதூரில் நடந்த தேர்தல் பொதுக்கூட்டத்துக்கு வந்த முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி மனித வெடிகுண்டுத் தாக்குதலில் கொல்லப்பட்டார். யார் செய்தது, எப்படிச் செய்தது என்று அந்த நேரத்தில் யாருக்கும் தெரியவில்லை. இறந்து கிடந்தவர்களில் ஹரிபாபு என்ற இளம் புகைப்படக்காரரும் ஒருவர். அவருடைய கேமரா மட்டும் தப்பியது. உள்ளே இருந்த பிலிமைக் கழுவிப் பார்த்தபோது பத்துப் படங்கள் கிடைத்தன. கையில் சந்தன மாலையோடு நின்ற ஒரு பெண்ணும், வெள்ளைக் குர்தா பைஜாமாவில் நின்ற ஒரு ஆணும் அவற்றில் இருந்தார்கள். புலனாய்வு நகரத் தொடங்கியது அங்கிருந்துதான்.

அன்று அந்தக் கூட்டத்தில் கேமரா வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இன்று அதே ஊரைச் சுற்றியுள்ள ஆலைகளில் செல்போன்களே தயாராகின்றன. ஒரகடம் சந்திப்பில் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் ஒரு கேமரா இருக்கிறது. விபத்தோ, அடிதடியோ, செயின் பறிப்போ நடந்தால் அடுத்த நிமிடமே வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. ஆனால் படம் எடுப்பது வேறு, அந்தப் படம் நீதிமன்றத்தில் சான்றாக நிற்பது வேறு. இரண்டுக்கும் நடுவே என்ன இருக்கிறது, நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் இந்தப் பாடம்.

துப்பு வேறு, சான்று வேறு

"கண்ணால பார்த்தேன் சார், இதுக்கு மேல என்ன வேணும்?" என்று கேட்பவர்கள் உண்டு. காவல்துறைக்கு வழிகாட்டும் எந்தத் தகவலும் துப்புதான். பெயர் சொல்லாமல் வரும் போன் அழைப்பும் துப்பு, டீக்கடையில் கேட்ட பேச்சும் துப்பு. ஆனால் நீதிபதி முன் வைக்கப்பட்டு, எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் குறுக்கு விசாரணையைத் தாங்கி நிற்பது மட்டுமே சான்று.

எது சான்று, எது இல்லை என்பதை 1872 முதல் இந்தியச் சாட்சியச் சட்டம் தீர்மானித்து வந்தது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய சாக்ஷ்ய அதினியம், 2023 நடைமுறையில் உள்ளது. பழைய அடிப்படைகள் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. போன், கம்ப்யூட்டர், சிசிடிவி போன்றவற்றில் உள்ள பதிவுகளுக்கு மட்டும் கூடுதல் இடமும் கூடுதல் விதிகளும் வந்துள்ளன.

சான்றுகளின் வகைகள்

1. வாய்மொழிச் சாட்சியம். நேரில் பார்த்தவர், நேரில் கேட்டவர் சொல்வது இது. ஸ்ரீபெரும்புதூர் வழக்கில் அரசுத் தரப்பு 288 சாட்சிகளை விசாரித்தது. பாதுகாப்புப் பணியில் இருந்து படுகாயத்தோடு உயிர் தப்பிய பெண் காவல் அதிகாரி அனுசுயா அவர்களில் ஒருவர்.

இங்கே ஒரு விதி உண்டு. பார்த்ததைப் பார்த்தவரே சொல்ல வேண்டும். "என் ரூம்மேட் பார்த்தானாம்" என்று நீங்கள் சொன்னால் அது பொதுவாகச் செல்லாது, ரூம்மேட்தான் வந்து சொல்ல வேண்டும். இன்னொன்று: இத்தனை சாட்சிகள் இருந்தால்தான் வழக்கு நிற்கும் என்ற எண்ணிக்கை எதுவும் சட்டத்தில் இல்லை. நம்பத்தகுந்த ஒரே சாட்சி போதும். "நான் ஒருத்தன் சொல்லி என்ன ஆகப்போகுது" என்று ஒதுங்க வேண்டியதில்லை.

2. ஆவணச் சான்று. ரசீது, பதிவேடு, கடிதம், ஒப்பந்தம், வங்கிக் கணக்கு அறிக்கை போன்றவை. ராஜீவ் காந்தி வழக்கில் அந்தச் சந்தன மாலை பூம்புகார் கைவினைப் பொருள் விற்பனை நிலையத்தில் வாங்கப்பட்டது என்பதற்கான ரசீது புலனாய்வில் முக்கிய இடம் பெற்றது. சாதாரண ஒரு கடை பில் மாலையையும், அதை வாங்கியவரையும், சம்பவ நாளையும் ஒன்றாகக் கட்டியது.

உங்கள் வாழ்க்கையில் இதற்குச் சமமானவை செல்போன் வாங்கிய பில், ஐஎம்இஐ எண் அச்சிட்ட பெட்டி, கம்பெனி வருகைப் பதிவு, விடுதியில் அட்வான்ஸ் கொடுத்த ரசீது போன்றவை. போன் திருடு போனால், 'இது என் போன்தான்' என்று காட்ட அந்தப் பெட்டிதான் முதலில் கைகொடுக்கும். தூக்கிப் போடாதீர்கள்.

3. பொருள் சான்று. கத்தி, உடை, உடைந்த கண்ணாடி, வாகனத்தின் பெயின்ட் துகள் என்று கையில் எடுத்துக் காட்டக்கூடியவை. ஸ்ரீபெரும்புதூரில் சிதறிக் கிடந்த துணித் துண்டுகள், ஒயர்கள், பேட்டரித் துண்டுகள், இரும்பு உருண்டைகள் எல்லாம் பொறுக்கி எடுக்கப்பட்டன. பொருள் பொய் சொல்லாது என்பார்கள். ஆனால் அது எங்கே கிடந்தது, யார் எடுத்தார், யாரிடம் கொடுத்தார் என்று மனிதர்கள்தான் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் சம்பவ இடத்தில் மகஜர் எழுதப்படுகிறது. இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆம் பிரிவின்படி, சோதனையையும் பறிமுதலையும் ஆடியோ, வீடியோவாகப் பதிவு செய்ய வேண்டும்.

4. தடயவியல் சான்றும் நிபுணர் கருத்தும். தமிழ்நாட்டில் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. 1849இலேயே சென்னையில் இரசாயனப் பரிசோதகரின் ஆய்வுக்கூடம் தொடங்கப்பட்டது. இன்றைய தடய அறிவியல் துறையின் வேர் அது. அந்தத் துறையின் இயக்குநராக இருந்த பேராசிரியர் பி. சந்திரசேகரன், ஸ்ரீபெரும்புதூரில் கிடைத்த உடல் பாகங்களையும், துணித் துண்டுகளையும், ஹரிபாபுவின் படங்களையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டார். மாலையோடு நின்ற அந்தப் பெண்ணே இடுப்பில் வெடிகுண்டு பெல்ட் கட்டியிருந்தார் என்ற முடிவுக்கு அவர் வந்தது அப்படித்தான். படம் மட்டும் இருந்திருந்தால் அது ஒரு பெண்ணின் படம். துணி மட்டும் இருந்திருந்தால் அது ஒரு கந்தல். இரண்டையும் சேர்த்துப் படித்தது அறிவியல்.

ஏழு ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கே வர வேண்டும் என்று புதிய சட்டத்தின் 176ஆம் பிரிவு சொல்கிறது. இதை மாநிலங்கள் படிப்படியாக நடைமுறைக்குக் கொண்டுவர ஐந்து ஆண்டு அவகாசம் தரப்பட்டுள்ளது.

5. வாக்குமூலங்கள். சாகும் நிலையில் இருப்பவர் தன் நிலைக்கான காரணத்தைப் பற்றிச் சொன்னது மரண வாக்குமூலம். சொன்னவர் இறந்துவிட்டாலும் அது சான்றாகும்.

குற்றம் சாட்டப்பட்டவர் "நான்தான் செய்தேன்" என்பது ஒப்புதல் வாக்குமூலம். இதைப் போலீஸ் அதிகாரியிடம் சொன்னால் சாதாரணச் சட்டத்தில் செல்லாது. 23ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. நீதித்துறை நடுவர் முன்பு மனமுவந்து சொன்னால்தான் செல்லும். அவர் சொன்னதை வைத்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தப் பொருளோடு தொடர்புடைய பகுதி மட்டும் ஏற்கப்படும்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? அதற்கும் ராஜீவ் காந்தி வழக்கிலேயே விடை இருக்கிறது. அப்போது நடைமுறையில் இருந்த தடா சட்டம், காவல் கண்காணிப்பாளர் பதிவு செய்யும் ஒப்புதல் வாக்குமூலத்தை ஏற்க அனுமதித்தது. அந்த வாக்குமூலங்கள் வழக்கில் பெரும் பங்கு வகித்தன. பேரறிவாளன் பேட்டரி வாங்கிக் கொடுத்தது எதற்காக என்று தனக்குத் தெரியாது எனச் சொன்ன பகுதியைத் தான் பதிவு செய்யவில்லை என்று, அந்த வாக்குமூலத்தை எழுதிய சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜன் 2013இல் வெளிப்படையாகச் சொன்னார். எழுதாமல் விடப்பட்ட ஒரு வாக்கியம் ஒரு மனிதரின் வாழ்நாளையே தொடுகிறது. 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது வேறு சட்டக் காரணங்களால் என்றாலும், வாக்குமூலத்தில் சட்டம் ஏன் எச்சரிக்கையாக இருக்கிறது என்பது இதிலிருந்து புரியும்.

6. சூழ்நிலைச் சான்று. நேரில் பார்த்த சாட்சி இல்லாதபோது, பல சிறு உண்மைகளைக் கண்ணி கண்ணியாகக் கோர்த்து முடிவுக்கு வருவது. கண்ணிகள் எல்லாம் சேர்ந்து ஒரே ஒரு முடிவை மட்டுமே காட்ட வேண்டும், வேறு எந்த விளக்கத்துக்கும் இடம் இருக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1984இல் சரத் பிர்திசந்த் சார்தா வழக்கில் வரையறுத்தது. ஒரு கண்ணி அறுந்தாலும் சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்குத்தான்.

7. மின்னணுச் சான்று. போன் வீடியோ, சிசிடிவி, வாட்ஸ்அப் உரையாடல், யுபிஐ பரிவர்த்தனை, கால் விவரம், ஜிபிஎஸ் எல்லாம் இதில் அடங்கும். நமக்கு நேரடியாகத் தொடர்புள்ளது இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

இன்றைய நெகட்டிவ் எது?

பிலிம் காலத்தில் படத்தின் பிரிண்ட் எத்தனை வேண்டுமானாலும் போடலாம், ஆனால் நெகட்டிவ் ஒன்றுதான். சந்தேகம் வந்தால் நெகட்டிவைக் கேட்பார்கள். உங்கள் போனில் முதலில் பதிவான மூலக் கோப்புதான் இன்றைய நெகட்டிவ். எடுத்த தேதி, நேரம், எந்த போன் என்ற விவரங்களும், லொகேஷன் ஆன் செய்திருந்தால் இடமும் அந்தக் கோப்புக்குள்ளேயே பதிவாகியிருக்கும்.

அதையே வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பும்போது கோப்பு சுருக்கப்படுகிறது, உள்ளே இருந்த விவரங்களும் பெரும்பாலும் போய்விடுகின்றன. நாலு குரூப் சுற்றி வந்த வீடியோவை யார், எங்கே, எப்போது எடுத்தார் என்று யாராலும் சொல்ல முடியாது. அது துப்பாகலாம், சான்றாக நிற்பது கஷ்டம்.

மூலக் கோப்பு உள்ள போனையே உரிமையாளர் நீதிமன்றத்தில் காட்டி, "இது நான் எடுத்தது" என்று சாட்சி சொன்னால் சான்றிதழ் தேவையில்லை என்றும், பிரதியாகக் கொடுத்தால் சான்றிதழ் கட்டாயம் என்றும் உச்ச நீதிமன்றம் 2020இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் தெளிவுபடுத்தியது. இன்றைய சட்டத்தில் அந்தச் சான்றிதழ் 63ஆம் பிரிவின் கீழ் வருகிறது. அதில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்றைக் கொடுப்பவர் நிரப்ப வேண்டும், மற்றொன்றை நிபுணர் நிரப்ப வேண்டும். கோப்பின் 'ஹேஷ்' மதிப்பும் அதில் எழுதப்படும்.

"ஹேஷ்னா என்ன?" ஒரு கோப்பின் கைரேகை என்று வைத்துக்கொள்ளுங்கள். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் முழுவதும் மாறிவிடும். இன்று எடுத்த எண்ணும் இரண்டு வருடம் கழித்து நீதிமன்றத்தில் எடுக்கும் எண்ணும் ஒன்றாக இருந்தால், இடையில் யாரும் கை வைக்கவில்லை என்று பொருள்.

உங்களிடம் வீடியோ இருந்தால்

• முதலில் உயிர், பிறகு வீடியோ. அடிபட்டவர் இருந்தால் 108ஐ அழையுங்கள். போலீஸுக்கு 100 அல்லது 112. தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' செயலியிலும் அவசர உதவி கேட்கலாம்.

• மூலக் கோப்பை அப்படியே விடுங்கள். வெட்டாதீர்கள், எழுத்து போடாதீர்கள், பின்னணி இசை சேர்க்காதீர்கள், பெயரைக் கூட மாற்றாதீர்கள். போனில் இடம் இல்லையென்றால் வேறு எதையாவது அழியுங்கள்.

• அன்றே பேப்பரில் எழுதி வையுங்கள். தேதி, நேரம், இடம், வண்டி எண், என்ன பார்த்தீர்கள், பக்கத்தில் யார் இருந்தார்கள். வழக்கு விசாரணைக்கு வரும்போது ஆண்டுகள் ஓடியிருக்கலாம், ஞாபகம் மங்கும்.

• சிசிடிவி இருக்கிறதா பாருங்கள். கடை, பெட்ரோல் பங்க், விடுதி வாசல் கேமராக்களின் பதிவுகள் சில நாட்கள் அல்லது வாரங்களில் தானாக அழிந்து புதியது ஏறிவிடும். எந்தக் கேமரா எந்தப் பக்கம் பார்க்கிறது என்று புகாரிலேயே எழுதிக் கொடுங்கள். போலீஸ் உடனே கேட்டு வாங்க அது உதவும்.

• பிரதி கொடுக்கும்போது பென் டிரைவிலோ அல்லது சுருக்கப்படாத 'டாக்குமென்ட்' வடிவிலோ கொடுங்கள். யாரிடம், எந்தத் தேதியில் கொடுத்தீர்கள் என்பதைக் குறித்து வையுங்கள். கைமாறிய கணக்கு ஒழுங்காக இருந்தால்தான் சான்று நிற்கும்.

• பண மோசடி என்றால் நேரம்தான் எல்லாமே. "பெரிய கம்பெனியில வேலை, பதிவுக் கட்டணம் மட்டும் கட்டுங்க" என்று ஏமாற்றப்பட்டால் உடனே 1930க்கு அழையுங்கள். பரிவர்த்தனை எண், எதிராளியின் யுபிஐ முகவரி, முழு உரையாடல், போலி நியமனக் கடிதம் எல்லாவற்றையும் வைத்திருங்கள். கோபத்தில் சாட்டை அழித்து, எண்ணை பிளாக் செய்துவிட்டு வருபவர்கள் கையில் இருந்த ஆதாரத்தைத் தாங்களே அழித்துவிட்டு வருகிறார்கள். ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், அத்துடன் அசல் உரையாடலும் போனில் இருக்கட்டும்.

தொழிற்சாலைக்குள் நிலைமை வேறு. பல ஆலைகளில் போன் கேமராவில் ஸ்டிக்கர் ஒட்டித்தான் உள்ளே விடுவார்கள். அங்கே விபத்து நடந்தால் உங்களிடம் வீடியோ இருக்காது. அப்போது உங்கள் கண்ணும், அன்று இரவே நீங்கள் எழுதி வைத்த குறிப்பும்தான் சாட்சி. எந்த இயந்திரம், எந்த ஷிப்ட், பாதுகாப்புக் கவசம் பொருத்தியிருந்ததா, யார் யார் உடனிருந்தார்கள் என்று எழுதி வையுங்கள்.

செய்யக் கூடாதவை

• சம்பவ இடத்தில் கிடக்கும் பொருளைத் தொடாதீர்கள், நகர்த்தாதீர்கள்.

• பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் பெயர், படம், அடையாளம் தெரியும் எதையும் பகிராதீர்கள். அது தண்டனைக்குரிய குற்றம். குழந்தைகள் விஷயத்தில் போக்சோ சட்டமும் பாயும்.

• "நமக்கெதுக்கு வம்பு" என்று தெரிந்த ஆதாரத்தை அழிக்காதீர்கள். குற்றவாளியைக் காப்பாற்றும் நோக்கில் சான்றை மறைப்பதும் அழிப்பதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 238ஆம் பிரிவில் குற்றம்.

• எங்கே எடுத்தது என்று தெரியாத வீடியோவைப் பரப்பாதீர்கள். 2023 மார்ச்சில், பீகார் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாக வீடியோக்கள் பரவின. அவை தொடர்பில்லாத வேறு சம்பவங்களின் காட்சிகள் என்று காவல்துறை விளக்கியது. அதற்குள் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பயந்துபோயிருந்தன. இந்தத் தொழிற்பேட்டைகளில் நம்மோடு ஒரே லைனில் வேலை பார்ப்பவர்கள் அவர்கள். மூலம் தெரியாத வீடியோ என்ன செய்யும் என்பதற்கு இதுவே போதும்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தால் என்னையும் கேஸில் இழுப்பாங்களா?
இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு உங்களைக் காக்கிறது. பெயர், முகவரி சொல்லும்படி உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. விரும்பினால் மட்டும் சாட்சியாகலாம்.

சாட்சி சொல்ல ஸ்டேஷனுக்குத்தான் போகணுமா?
பெண்கள், 15 வயதுக்கு உட்பட்ட சிறுவர்கள், 60 வயதைக் கடந்த ஆண்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயாளிகள் ஆகியோரைப் போலீஸ் அவர்கள் வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும். அவர்களாக விரும்பினால் ஸ்டேஷனுக்கு வரலாம்.

நான் சொன்னதை எழுதிக் கையெழுத்து கேட்டால்?
புலனாய்வின்போது போலீஸ் எழுதும் சாட்சி வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்திடத் தேவையில்லை. ஆனால் நீங்கள் கொடுக்கும் புகாரில் கையெழுத்திட வேண்டும்.

என் போனை வாங்கிக்கொண்டால் எப்போது திரும்பக் கிடைக்கும்?
கொடுக்கும்போதே பறிமுதல் மகஜரின் நகலோ ஒப்புகையோ கேட்டு வாங்குங்கள். அதில் ஐஎம்இஐ எண் சரியாக எழுதப்பட்டுள்ளதா பாருங்கள். வழக்கு முடியும் முன்பே இடைக்காலமாகத் திரும்பத் தரும்படி நடுவர் நீதிமன்றத்தில் மனு செய்யலாம்.

"இது எங்க எல்லை இல்லை"ன்னு திருப்பி அனுப்பினால்?
எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். எல்லை எதுவானாலும் பதிவு செய்ய வேண்டும் என்று 173ஆம் பிரிவு சொல்கிறது. மின்னணு முறையில் கொடுத்த புகாரில் மூன்று நாட்களுக்குள் நேரில் கையெழுத்திட வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகல் உங்களுக்கு இலவசம். பதிவு செய்ய மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்கு எழுதலாம், அதன் பிறகு நடுவரை அணுகலாம். விசாரணை எந்த நிலையில் உள்ளது என்பதை 90 நாட்களுக்குள் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும்.

சான்று இரண்டு பக்கமும் வெட்டும்

ராஜீவ் காந்தி வழக்கில் 26 பேர் விசாரணையைச் சந்தித்தார்கள். பூந்தமல்லி தடா நீதிமன்றம் 1998 ஜனவரி 28 அன்று 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் அதே சான்றுகளை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எடைபோட்டு, 19 பேரைக் கொலைச் சதிக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. ஏழு பேர் மீதான குற்றத்தை மட்டும் உறுதி செய்தது. சான்று என்பது குற்றவாளியைக் காட்டுவதற்கு மட்டும் இல்லை, சம்பந்தமில்லாதவரை வெளியே கொண்டுவருவதற்கும்தான்.

உங்கள் போனில் உள்ள 20 விநாடி வீடியோவும் அப்படித்தான். லாரி எந்தப் பக்கம் வந்தது என்று அது சொல்லலாம். அடித்தது கூட்டத்தில் நின்ற அந்தப் பையன் இல்லை என்றும் சொல்லலாம். அதை வெட்டாமல், ஒட்டாமல், எடுத்தது எடுத்தபடி வைத்திருந்து உரியவரிடம் ஒப்படைத்தால் போதும். மீதியை எடைபோடுவது நீதிமன்றத்தின் வேலை.

குறித்து வைத்துக்கொள்ள: காவல் உதவி 100 / 112 • ஆம்புலன்ஸ் 108 • சைபர் நிதி மோசடி 1930 • பெண்கள் உதவி 181 • குழந்தைகள் உதவி 1098. புகார் அளிக்கவும், அதன் நிலையை அறியவும், முதல் தகவல் அறிக்கையைப் பார்க்கவும் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் குடிமக்கள் சேவைப் பகுதியைப் பயன்படுத்தலாம். தொலைந்த போனை முடக்க மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளம் உள்ளது.